நனைந்தபின் தெரியும் நிறம்

பட்டு நனையக் கூடாது. தேசூரில் தறி இருக்கும் வீட்டுப் பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே கேட்கும் அதட்டல் இது. ஈரக் கையோடு பாவுப் பக்கம் போனால் அடி விழும். ஐப்பசி மழையில் கூரை ஒழுகினால் முதல் தார்ப்பாய் தறிக்குத்தான். பெட்டி படுக்கையெல்லாம் பிறகு. தறிக்குழியில் ஊற்று கண்டுவிட்டால் வேலை நின்றது நின்றதுதான். ஆரணிப் பட்டு என்ற பெயரில் ஊர் ஊராகப் போகிற சேலைகளில் எங்கள் பக்கத்துத் தறிகளின் உழைப்பும் உண்டு. அதனால் ஈரம் என்றாலே எங்களுக்கு நஷ்டக் கணக்குதான் நினைவுக்கு வரும். அப்படிப்பட்ட ஊரில் பிறந்தவனுக்கு, பட்டு நூலைத் தண்ணீரில் முக்கி, நனைந்த பிறகு அதன் நிறம் என்னவாகிறது என்பதைக் கொண்டே தரம் சொல்கிற ஒரு கைவேலை இருப்பது தெரிய வந்தால் எப்படி இருக்கும்? அதன்மேல் எனக்கு உண்டான கிறக்கம் இன்னும் தெளியவில்லை.

தூண்டில் ஈ கட்டுவதுதான் அந்த வேலை. எங்கள் ஏரியில் தூண்டில் போடுகிறவருக்கு ஒரு மூங்கில் கழி, கொஞ்சம் தங்கூசி, முள், தக்கை, டப்பாவில் மண்புழு இவ்வளவும் போதும். தக்கை அமிழ்ந்தால் இழுக்க வேண்டியதுதான். ஈ வைத்துப் பிடிக்கிற ஃப்ளை ஃபிஷிங்காரருக்குப் புழுவும் இல்லை, தக்கையும் இல்லை. முள்ளின்மேல் நூலும் இறகும் மயிரும் சுற்றி, நீர்ப்பூச்சி சாயலில் ஒன்றைக் கட்டி வைத்திருப்பார். அதற்கு எடை என்பதே கிடையாது. வீசினால் காலடியில்தான் விழும். ஆகவே எடையைக் கயிற்றுக்கு மாற்றினார்கள். தடித்து, நுனிக்கு வரவர மெலியும் கயிறு கோலின் வளைவோடு பின்னால் நீண்டு, திரும்பி முன்னால் விரிந்து, கடைசியில் அந்த ஈயைத் தண்ணீர்மேல் இறக்கிவிடுகிறது. இந்த வீச்சைப் பற்றி ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாக எழுதிக் குவித்திருக்கிறார்கள். எனக்கு அதில் அவ்வளவு ருசி இல்லை. தறிவீட்டுக் கண், நூல் இருக்கும் இடத்துக்குத்தான் போகும்.

வேலை பழையது. மாசிடோனியா நாட்டு ஆற்றங்கரையில் சிவப்புக் கம்பளி நூலை முள்ளில் சுற்றி, இரண்டு சேவல் இறகை வைத்துக் கட்டி மீன் பிடித்ததை, சுமார் 1800 ஆண்டுகளுக்கு முன்பு ஏலியன் என்கிற ரோமானிய எழுத்தாளர் குறித்து வைத்திருக்கிறார். இங்கிலாந்தில் 1496இல் அச்சான தூண்டில் நூல் ஒன்று பன்னிரண்டு ஈக்களைக் கட்டும் விதம் சொல்கிறது. அங்கிருந்து நம் நீலகிரிக்கு வர இன்னும் சில நூற்றாண்டுகள் ஆயின.

நீலகிரிக் கதை கொஞ்சம் விசித்திரமானது. உதகமண்டலத்தில் குடியேறிய வெள்ளைக்காரர்களுக்குக் குளிர் கிடைத்தது, ஓடை கிடைத்தது, ஆனால் ஓடையில் தங்கள் ஊர் டிரவுட் மீன் இல்லை. ‘இந்தியாவின் மீன்கள்’ என்ற பெரும் நூலைப் பிற்பாடு எழுதிய மருத்துவர் ஃபிரான்சிஸ் டே 1860களில் டிரவுட்டைக் கொண்டுவர முயன்றார், மீன் நிலைக்கவில்லை. 1877இல் நீலகிரியில் வேட்டைக்காரர்களும் தூண்டில்காரர்களும் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார்கள். இரண்டே ஆண்டில், 1879இல், நீலகிரி வேட்டை விலங்கு மற்றும் மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கண்டபடி சுட்டால், பிடித்தால், நாளைக்குச் சுடவும் பிடிக்கவும் ஒன்றும் மிஞ்சாது என்ற சுயநலக் கணக்கில் பிறந்த பாதுகாப்பு அது. இருந்தாலும் பாதுகாப்பு பாதுகாப்புதான். அந்தச் சங்கம் பெயர் மாறி, வனவிலங்கு, சுற்றுச்சூழல் சங்கமாக இன்றும் இருக்கிறது. டிரவுட் நிலைத்தது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். எச். சி. வில்சன் என்பவர் இலங்கையிலிருந்தும் வேறு நாடுகளிலிருந்தும் வானவில் டிரவுட்டைத் தருவித்து, 1907இல் அவலாஞ்சியில் பொரிப்பகம் கட்டினார். மீன் பிழைத்தது, மேலோடைகளில் பெருகியது. காஷ்மீரில் இதே வேலையை 1900 வாக்கில் முடித்தவர் ஃபிராங்க் மிட்செல் என்ற ஸ்காட்லாந்துக்காரர். ஸ்ரீநகரில் கம்பள ஆலை வைத்திருந்தவர். நெசவு வியாபாரி ஒருவர் இந்தக் கதையில் இருப்பதில் எனக்கு ஓர் அல்ப சந்தோஷம்.

சோலைக்காட்டு ஓடையில் அமெரிக்கப் பசிபிக் கரை மீனைக் கொண்டுவந்து விட்டது நல்ல காரியமா என்றால், இல்லை என்றுதான் சொல்வேன். அங்கே இருந்த சின்ன மீனுக்கும் தவளைக்கும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்போது நீலகிரியின் முக்குருத்தி ஓடைகள் தேசியப் பூங்காவுக்குள் அடங்கிவிட்டன. அங்கே கோலோடு நிற்க முடியாது. அது சரியும்கூட. மூணாறு பக்கம் ஹை ரேஞ்ச் ஆங்கிளிங் அசோசியேஷன் என்று தேயிலைத் தோட்டக்காரர்கள் நடத்திய தூண்டில் சங்கமும், ராஜமலையில் பொரிப்பகமும் இதே வழியில் வந்தவை. இந்தச் சங்கங்களின் வரலாற்றில் என்னைப் பிடித்து நிறுத்துவது மீனைவிட, மழை விடாத ஆனி ஆடி மாதங்களில் அவர்கள் விளக்கடியில் உட்கார்ந்து கட்டியிருக்கக்கூடிய ஈக்கள்தான்.

ஏனென்றால் அந்தக் காலத்துத் தூண்டில் சாமான் முழுவதுமே பட்டு. இன்றைக்குத் தங்கூசி இருக்கும் இடத்தில் அன்றைக்குப் பட்டுப்புழுவின் குடல்நரம்பு இருந்தது. ஸ்பெயினில் முர்சியா என்ற வட்டாரம் இதற்குப் பேர்போனது. கூடு கட்டத் தயாராக இருக்கும் புழுவைக் காடியில் ஊறப்போட்டு, பிளந்து, உள்ளே இருக்கும் இரண்டு பட்டுச் சுரப்பிகளையும் எடுத்துக் கையால் இழுப்பார்கள். இழுத்தது காற்றுப் பட்டு இறுகி, பளிச்சென்ற ஒற்றை நரம்பாகிவிடும். ஒரு நரம்பு ஒரு முழத்துக்குச் சற்று முன்பின் இருக்கும், அவ்வளவுதான். நான்கைந்தை முடிச்சுப் போட்டு நீட்ட வேண்டும். காய்ந்தால் ஒடியும் என்பதால் மீன் பிடிக்கப் போகுமுன் ஊறவைத்து எடுப்பார்கள். கொதிநீரில் கூட்டைப் போட்டு நூல் எடுக்கும் நம் வழக்கமும் புழுவுக்கு இரக்கம் காட்டுவதல்லதான். ஆனாலும் காடிப் புழுவை நினைத்தால் உடம்பு கூசுகிறது. 1938இல் நைலான் அறிவிக்கப்பட்டு, போர் முடிந்து அது கடைக்கு வந்ததும் முர்சியாவின் தொழில் கரைந்தது.

வீசும் கயிறும் பட்டுதான். பின்னிய பட்டில் ஆளி எண்ணெயை ஏற்றி ஏற்றிக் காயவைத்துச் செய்தது. சாயங்காலம் வீடு திரும்பியதும் அதைச் சுருளிலிருந்து உருவி உலர்த்தாவிட்டால் மக்கிவிடும். கோலோ ஆறு பட்டையாக இழைத்து ஒட்டிய மூங்கில். பென்சில்வேனியாவில் சாமுவேல் பிலிப்பி போன்றவர்கள் 1840களில் மூங்கில் பட்டைகளை ஒட்டிக் கோல் செய்தபோது எடுத்தது கல்கத்தா மூங்கில், அதாவது நம் நாட்டுச் சரக்கு. சீனத்து டோன்கின் மூங்கில் வந்து அதை ஓரங்கட்டியது பிற்பாடு. அந்தக் கோலில் வளையங்களை இறுக்கிப் பிடித்திருப்பதும் பட்டு நூல் சுற்றுதான். வார்னிஷ் பூசியதும் அந்தச் சுற்று கண்ணாடியாகி, அடியில் இருக்கும் மூங்கில் தெரியத் தொடங்கும். நூலின் நிறம் நிற்க வேண்டுமானால் வார்னிஷுக்கு முன் வேறொரு பூச்சு கொடுக்க வேண்டும். இந்தக் கண்ணாடித்தனம்தான் பட்டின் ரகசியம். ஈ கட்டுகிறவர்கள் அதைத்தான் விலைக்கு வாங்கினார்கள்.

ஓர் ஈயைக் கிட்டத்தில் பார்க்கலாம். இங்கிலாந்தின் வடக்கே யார்க்‌ஷயர் ஓடைக்காரர்கள் கட்டிய வகை. பார்ட்ரிஜ் அண்ட் ஆரஞ்ச் என்று பெயர். பதினாலாம் எண் முள். அதன் தண்டு ஒரு சென்டிமீட்டர்கூட வராது. வைஸ் என்கிற சின்னப் பிடிகருவியில் முள்ளின் வளைவைக் கவ்விக்கொள்ள வேண்டும். ஆரஞ்சுப் பட்டில் ஒரே இழை. அதை விரலால் உருவி மெழுகு ஏற்றுகிறோம். முள்ளின் கண்ணுக்குக் கொஞ்சம் பின்னால் தொடங்கி, சுற்றுக்கு மேல் சுற்று ஏறாமல், சுற்றுக்கும் சுற்றுக்கும் இடைவெளி விடாமல், பின்னோக்கிப் போக வேண்டும். முள்ளின் கூர் எங்கே இருக்கிறதோ அதற்கு நேர் மேலே நிறுத்த வேண்டும். புதிதாகக் கட்டுகிறவர் எல்லாரும் இன்னும் நாலு சுற்று போவார்கள். அங்கேதான் பூச்சி புழுவாகிவிடும். திரும்பி வந்து, கவுதாரியின் முதுகிலிருந்து எடுத்த ஒரு பழுப்புப் புள்ளி இறகு. அடித்தூவியை உரித்துவிட்டு நுனியைக் கட்டி, தண்டைப் பிடித்து ஒரு சுற்று, மிஞ்சினால் இரண்டு. இழைகள் குடைக்கம்பி போல விரிந்து பின்னால் சாய வேண்டும். முடிச்சுத் தலை எள்ளளவு. வேலை தீர்ந்தது.

இதில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டால், நூலின் இறுக்கம் இருக்கிறது. இழை அறும் எல்லைக்கு ஒரு மயிரிழை முன்னால் நிறுத்திய இறுக்கத்தில் மொத்தச் சுற்றும் போயிருக்கும். தளர்ந்த இடம் இருந்தால் முதல் மீனின் பல்லில் பிரிந்துவிடும். நூல் கண்டைக் கையில் தொங்கவிட்டு ஒரு பக்கம் சுழற்றினால் முறுக்கு ஏறி இழை உருளும். மறுபக்கம் சுழற்றினால் முறுக்கு இறங்கி நாடாவாகப் பரவும். உருண்ட இழை பூச்சியின் வயிற்று வளையங்களைத் தரும். பரவிய இழை வழவழப்பைத் தரும். பாவுக்கு முறுக்கு அதிகம், ஊடைக்குக் குறைவு என்ற நம் கணக்கு இங்கே ஒரு சென்டிமீட்டருக்குள் ஒரே இழையில், விரல் நுனியில் நடக்கிறது. கெட்டிக்காரர் கட்டும்போது கண்டு தானாகச் சுழல்வது போலத் தெரியும். இறகு கட்டும் இடம் வந்ததும் முறுக்கை இறக்கி இழையைப் பரப்பிக்கொள்வார்கள், தண்டு நழுவாமல் இருக்க. யாரும் சொல்லாவிட்டால் கண்ணுக்கே படாத சாமர்த்தியம் அது.

இப்போது தண்ணீர். உலர்ந்த பட்டு மினுங்குவதற்குக் காரணம் உண்டு: ஒவ்வொரு இழையும் முக்கோண வெட்டுள்ள நுண்ணிழைகளின் கட்டு, அவற்றுக்கு இடையில் காற்று இருக்கிறது. வெளிச்சம் அங்கங்கே பட்டுச் சிதறித் திரும்புகிறது. நனைந்ததும் காற்றின் இடத்தில் நீர் புகுந்து, சிதறல் குறைந்து, இழை பாதி ஒளிபுகும் பொருளாகிறது. ஆரஞ்சு அமுங்கிச் செம்பழுப்பாகும். அடியில் இருக்கும் முள்ளின் கருமை லேசாக மேலே எட்டிப்பார்க்கும். இறகு இழைகள் நீரோட்டத்தில் மூச்சு விடுவது போல ஒடுங்கி விரியும். மேசைமேல் கடைத்தெரு மினுமினுப்போடு இருந்த ஒன்று, தண்ணீருக்குள் சட்டென்று உயிர்ப்பிராணி. புடவையில் ஒரு சொட்டு நீர் பட்டால் கருத்துத் திட்டாகத் தெரிகிறதே, அதே இயற்பியல்தான். நாம் அதைக் கறை என்றோம். யார்க்‌ஷயர்க்காரர்கள் அதையே நிறம் என்று எடுத்துக்கொண்டார்கள். மஞ்சள் பட்டில் செருப்புத் தைப்பவரின் கருமெழுகை ஏற்றினால் ஆலிவ் பச்சை கிடைக்கும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். 1916இல் எட்மண்ட்ஸ், லீ என்ற இருவர் அந்த ஊர் ஈக்களைப் பற்றி எழுதிய புத்தகத்தின் சிறப்புப் பிரதிகள் சிலவற்றில், அசல் பட்டையும் இறகையுமே வைத்து ஒட்டினார்கள். அச்சு மையில் அந்த நிறம் வராது என்று அவர்கள் நினைத்ததில் தப்பே இல்லை.

இதற்கு நேர் எதிர்க்கோடியில் சால்மன் ஈக்கள். ஜாக் ஸ்காட் என்று ஒன்று, 1850 வாக்கில் பிறந்தது. அதன் செய்முறையைப் படித்தால் பறவைக்கூடத்துக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். உடம்பின் பின்பாதி மஞ்சள் பட்டு, முன்பாதி கறுப்புப் பட்டு, இடையில் தீக்கோழித் தூவி, டூக்கன் மார்பிறகு, பொன்வண்ண ஃபெசன்ட் கொண்டை, நீல மக்கா வால் இழை, இறக்கையில் அடுக்கடுக்காக இன்னும் பல பறவைகள், கன்னத்தில் காட்டுக்கோழி இறகு. சால்மன் ஆற்றுக்கு ஏறிவரும்போது இரையே எடுப்பதில்லை. அது ஏன் ஈயைக் கவ்வுகிறது என்று யாருக்கும் தீர்மானமாகத் தெரியாது. அதனால் கட்டுகிறவருக்குக் கடிவாளம் இல்லாமல் போயிற்று. விக்டோரியா காலத்துச் சாம்ராஜ்யத்தின் கப்பல்களில் வந்திறங்கிய இறகெல்லாம் முள்ளில் ஏறியது.

அந்தக் காட்டுக்கோழி நம்முடையது. ஜவ்வாது மலையில் விடியலில் கரகரத்துக் கூவும் சாம்பல் நிறக் காட்டுச்சேவலேதான். புதுச்சேரியில் பிரெஞ்சு அரசுப் பணியில் இருந்த இயற்கையியலாளர் பியர் சொன்னெராவின் பெயரை அதன் விலங்கியல் பெயரில் வைத்திருக்கிறார்கள். சேவலின் கழுத்திறகு ஒவ்வொன்றின் நுனியிலும் வெள்ளையும் மஞ்சளுமாகப் பொட்டுகள் இருக்கும். அந்த இடத்தில் இறகு இழைகள் ஒன்றாய் இறுகி, அரக்கு உருக்கிச் சொட்டவிட்டது போல வழவழக்கும். அதை ஈயின் பக்கத்தில் வைத்தால் மீன்குஞ்சின் கண். வேறெந்தப் பறவையிடமும் இப்படி ஒன்று கிடைக்காது என்பதால் கழுத்துத் தோல்கள் மூட்டை மூட்டையாகக் கப்பலேறின. 1960களின் கடைசியில் ஏற்றுமதிக்குத் தடை வந்தது; 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு பறவைமேல் கை வைக்கவே முடியாது. இப்போது மேல்நாட்டில் கூண்டில் வளர்த்த சேவல்களின் தோல் கொள்ளை விலைக்கு விற்கிறது. மற்றவர்கள் சாதாரண இறகில் நகப்பூச்சு வைத்துப் பொட்டு இட்டுக்கொள்கிறார்கள்.

இந்த இறகு மோகம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2009 ஜூன் மாதம் நடந்த ஒரு திருட்டைச் சொல்லலாம். லண்டனில் புல்லாங்குழல் படித்துக்கொண்டிருந்த அமெரிக்க மாணவர் ஒருவர், டிரிங் என்ற ஊரில் இருக்கும் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குள் இரவில் புகுந்து 299 பறவைத் தோல்களைப் பெட்டியில் அடைத்துக்கொண்டு போனார். ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் சேகரித்த பறவைகளும் அதில் இருந்தன. விக்டோரியா காலத்து சால்மன் ஈக்களை அச்சு அசலாகக் கட்டுவதற்குத்தான். அப்படிக் கட்டுகிற பலர் தூண்டிலே போடுவதில்லை. கண்ணாடிச் சட்டத்தில் மாட்டி வைக்கிறார்கள்.

ஜாக் ஸ்காட் அழகாக இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். நல்ல கை கட்டியது கிடைத்தால் கண்ணை எடுக்க முடியாது. ஆனால் எங்கள் பக்கத்தில் அனுபவப்பட்ட நெசவாளர் ஒருவர் புடவையைத் தரம் பார்க்கும் விதம் வேறு. முந்தானையை அவர் விரிப்பதே இல்லை. சரிகை எல்லாக் குறையையும் மூடிவிடும் என்பார். உடல் பகுதியில், புட்டா ஒன்றும் இல்லாத இடத்தில் ஒரு சாணைப் பிரித்து வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பார். ஊடை ஒரே சீராக அடித்திருக்கிறதா, ஓரம் இழுக்கிறதா என்பது அங்கே தெரிந்துவிடும். ஜாக் ஸ்காட்டில் ஒரு சுற்று பிசகினால் மேலே இன்னோர் இறகை வைத்து மறைக்கலாம். ஆரஞ்சுப் பட்டும் ஓர் இறகுமாக நிற்கும் ஈயில் மறைக்க இடமே இல்லை. இரண்டில் எது பெரிய வேலை என்று என்னைக் கேட்டால் தயங்காமல் சின்னதைத்தான் காட்டுவேன்.

அந்தச் சின்ன வகையிலும் உச்சம் வாட்டர்ஹென் ப்ளோவா. வாட்டர்ஹென் வேறு யாருமில்லை, நம் ஏரிக் கோரைக்குள் தலையை ஆட்டி ஆட்டி நீந்தும் தாழைக்கோழிதான். அதன் இறக்கையின் உட்பக்கத்துப் புகைநிற இறகு, உடலுக்கு வெளிர்மஞ்சள் பட்டு. இவற்றுக்கு நடுவில்தான் வித்தை: அகழெலி மயிர் கொஞ்சத்தை மெழுகேறிய இழையில் தடவ வேண்டும். தடவியதா இல்லையா என்ற சந்தேகம் வர வேண்டும். சுற்றி முடித்ததும் மஞ்சளுக்கு மேல் ஒரு சாம்பல் மூட்டம் தெரிந்தால் சரி. மயிர் தெரிந்தால் அதிகம். உலர்ந்திருக்கும்போது ஒன்றுமே இல்லாதது போல இருக்கும். நனைத்தால் மூட்டத்துக்கு உள்ளிருந்து மஞ்சள் ஒளிரும், நீரிலிருந்து அப்போதுதான் எழும் மேஃப்ளை என்ற பூச்சியின் வயிறு போல. நூலைக் காட்டுவதற்காக நூலை மறைப்பது என்ற இந்த யோசனை எந்த மகராசனுக்குத் தோன்றியதோ.

தாழைக்கோழியையும் கவுதாரியையும் நாம் தொடக் கூடாது, தொடவும் வேண்டாம். நாட்டுக்கோழி போதும். அமெரிக்காவில் இறகுக்கென்றே சேவல் வளர்க்கத் தொடங்கும் முன்பு உலகத்து ஈக்காரர்கள் பலருக்கும் இந்தியச் சேவல் கழுத்துதான் வாடிக்கைச் சரக்கு. இன்றும் மலிவு விலைப் பெட்டியில் அந்தப் பெயரிலேயே இருக்கிறது. சேவல்கட்டுக்காரர் காகம், கீரி, மயில் என்று நிறம் பிரித்துச் சொல்லும் சேவல்கள் அத்தனையும் ஈக்காரருக்கு ஆகும். மிதக்கும் ஈக்கு விறைத்த சேவல் இறகு, அமிழும் ஈக்கு மெத்தென்ற பெட்டை இறகு. கறிக்கடையில் குப்பைக்குப் போவதில் பாதி இங்கே பண்டம்.

பட்டுக்குத்தான் இப்போது உலகம் முழுக்கத் தட்டுப்பாடு. 1795இல் தொடங்கிய பியர்சால் என்ற ஆங்கிலேய நிறுவனத்தின் மெல்லிய பட்டு நூல்தான் இந்த ஈக்களுக்கெல்லாம் அளவுகோலாக இருந்தது. அந்த நூல் வருவது சில ஆண்டுகளுக்கு முன்பு நின்றுபோயிற்று. பழைய மரக் கண்டுகளை ஏலத்தில் எடுத்துப் பதுக்குகிறார்கள். கென்யாவிலும் இலங்கையிலும் பட்டறைகளில் பெண்கள் கட்டி ஏற்றுமதியாகும் ஈக்களில் பெரும்பாலும் பாலியெஸ்டரும் நைலானும்தான். அவை உறுதியானவை, மக்காதவை, ஆனால் நனைந்தாலும் அதே முகத்தோடு இருப்பவை. இந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. எங்கள் தெருவில் பாவு முடிந்து தறியில் மிஞ்சும் நுனிகளைக் கூட்டித் தள்ளுகிறோம்.

பாவு நுனி அப்படியே உதவாது; புரி பிரித்து ஒற்றை இழையாக்க வேண்டும். நிறத்துக்குக் குறைவே இல்லை. ஸ்னைப் அண்ட் பர்ப்பிள் என்ற ஈக்கு வாடாமல்லி, ஆரஞ்சு ஈக்குக் கனகாம்பரம், வாட்டர்ஹென்னுக்கு எலுமிச்சை மஞ்சள். ஆனால் சாயம் நிற்க வேண்டுமே. ஒரு சாயக்காரரிடம் போய், இரவு முழுவதும் தண்ணீரில் கிடந்தாலும் ஓடாத கனகாம்பரம் வேண்டும் என்றேன். “தண்ணியில போடறதுக்கா பட்டு கேக்கறீங்க? கட்டிக்கப் போறது யாருண்ணா?” என்றார். விஷயத்தைச் சொன்னதும் முள்ளை வாங்கி உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் புரட்டிப் பார்த்தார். “இதுக்கு இவ்ளோ நூல் எதுக்கு, ரெண்டு சுத்து குறைச்சிப் பாருங்க” என்றார். யார்க்‌ஷயரிலிருந்து ஒருவர் வந்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்.

மலைக்குப் போகாமல் இதைச் செய்யவும் வழி இருக்கிறது. எச். எஸ். தாமஸ் என்ற சென்னை மாகாண அதிகாரி 1873இல் ‘தி ராட் இன் இந்தியா’ எழுதினார். 1887இல் ஏரி குளத் தூண்டிலுக்கென்றே ‘டேங்க் ஆங்கிளிங் இன் இந்தியா’ என்று தனியாக ஒன்று எழுதினார். சமவெளி ஏரியும் ஒரு புத்தகத்துக்குத் தகுந்தது என்று நினைத்த மனிதர். ஜப்பானியர் சுருளே இல்லாமல், நீண்ட கழியின் நுனியில் கயிற்றைக் கட்டி, அதன் முனையில் ஓர் ஈயை வைத்து மலையோடை மீன் பிடிக்கிறார்கள். தென்காரா என்று பெயர். நம் ஏரிக்கரைக் கழியும் அதே சாதிதான், புழுவுக்குப் பதில் ஈயை மாட்ட வேண்டும், அவ்வளவே. ஏரியில் தண்ணீர் நிற்கிற மார்கழி, தை மாதங்களில், பொழுது சாயக் கொசு எழும் நேரத்தில் கெண்டைக்குஞ்சுகள் மேலே வந்து கொப்பளிக்கும். பதினாறாம் எண் முள்ளில் வாடாமல்லிப் பட்டு, ஒரு சுற்றுப் பெட்டைக்கோழி இறகு. ஈயை முதலில் எச்சில் தொட்டு நனைத்துக்கொள்ள வேண்டும்; உலர்ந்ததைப் போட்டால் மேலேயே மிதந்துகொண்டு நிற்கும். கனகாம்பரம் எங்கள் ஏரியின் கலங்கல் நீரில் எடுபடவில்லை. அதற்குத் தெளிந்த தண்ணீர் வேண்டும், செய்யாற்றில் மணல் தெரிய ஓடும் நாட்களில் போட்டுப் பார்க்க வேண்டும்.